தாழ்ப்பாள் இருப்பதாகப் பதிவு

நான் குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் ஆனதற்கு என் தகுதி எதுவும் காரணமில்லை. என் செல்போன்தான் காரணம். காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கும் என் மகன் ஜெஸ்டன் புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழையதை எனக்குத் தள்ளிவிட்டிருந்தான். பள்ளிக்கு ஒரு பொறுப்பாசிரியரை நியமிக்க வேண்டும், அவருடைய போனில் பாதுகாப்புச் செயலியை இறக்கும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்று, ஆம்பூர் ஓரத்தில் இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஏழு ஆசிரியர்களும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தோம். மற்ற ஆறு பேருடைய போனிலும் கல்யாண வீடியோக்கள் நிரம்பி வழிந்தன. என்னுடையது காலியாக இருந்தது. தலைமையாசிரியை கமலம் என்னைப் பார்த்து, கர்த்தர் உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் எலியாஸ் சார் என்றார். அவர் கிருத்திகை தவறாமல் திருத்தணிக்குப் போகிறவர். அவரே கர்த்தரைச் சாட்சிக்குக் கூப்பிட்ட பிறகு நான் மறுப்பது மரியாதையாக இருக்காது.

இருபத்தாறு வருஷமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை எதற்கும் பொறுப்பாக்கியதில்லை, ஆண்டு விழாவில் பந்தலுக்குக்கூட. ஆகவே நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை வந்து சேர்ந்ததும் கொஞ்சம் நிலைதடுமாறிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதை மாட்டிக்கொண்டு போனேன். போதகர், ரத்ததான முகாமா என்று விசாரித்தார். வேலூரில் நர்ஸாக இருக்கும் என் மனைவி கிரேஸி, தூங்கும்போதாவது கழட்டுவீர்களா என்று கேட்டாள்.

வேலூரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் பரணிதரன் தொடங்கிவைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எந்த வாக்கியத்தையும் 'ஆக' என்றுதான் ஆரம்பிப்பார். குழந்தை ஒரு பூ என்றார். பூவுக்கு வேலி வேண்டும், வேலிக்குக் காவல்காரர் வேண்டும், காவல்காரருக்குப் படிவம் வேண்டும் என்றார். நாங்கள் எழுதிக்கொண்டோம். மத்தியானம் எல்லோரும் சார்ட்டில் பூ வரைந்தோம். என் பூவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்த மண்டபத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் அரக்கோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். டீச்சர்கள் நாலு நாலு பேராக எதிர் ஓட்டலுக்குப் போய் வந்தார்கள். அதைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நான் பூவுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு புகார்ப் பெட்டி தந்தார்கள். கனத்த இரும்புப் பெட்டி, இரண்டு பித்தளைப் பூட்டு. ஒரு சாவி பள்ளியில் இருக்கும், இன்னொன்று பரணிதரனிடம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு சாவியும் சந்தித்துக்கொள்ளும். தாழ்வாரச் சுவரில் நாலு போல்ட் போட்டு முடுக்கினோம். அதன் அடியில் நின்று நானே ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

முதல் காலாண்டு முடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு மிட்டாய்க் காகிதம், யாரோ வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து போட்டுவிட்ட ஒரு கணக்குப் பரீட்சைத் தாள், ஒரு கடிதம், ஆக நாலு பொருள் இருந்தன. கடிதத்தில், 'பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்லை. தயவுசெய்து போட்டுத் தரவும். இப்படிக்கு புஷ்ரா, ஏழாம் வகுப்பு' என்று எழுதியிருந்தது.

புஷ்ரா என் வகுப்பில் முதல் பெஞ்சு. ஒல்லியான பெண். தமிழ்நாட்டு வரைபடத்தை என்னைவிட நன்றாகப் போடுவாள். அவளுடைய அம்மா சகீனா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறார்.

பரணிதரன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"ஆக, இதுல ஒரு சிக்கல் இருக்கு. புகார் கொடுக்கிற குழந்தையோட பேரு வெளிய வரக் கூடாது. இந்தப் பொண்ணு தன் பேரைத் தானே வெளிய விட்டிருக்கு."

என்ன செய்வது என்று கேட்டேன். பெயரை மை போட்டு அடிக்கச் சொன்னார். நான் கறுப்பு மையால் அழுத்தி அடித்தேன். அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெயர் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, பெயரில்லாத மனு மீது நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்று சொல்லிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கமலம் மேடம், நாமே ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டுவிடலாமே சார், பஜாரில் கிடைக்கிற சாமான்தானே என்றார். நான் விடவில்லை. தனிப்பட்டவர்கள் இப்படி ஆளுக்கு ஒன்று செய்துகொண்டே போனால் அமைப்பு என்று ஒன்று எதற்கு மேடம், முறைப்படி போவோம் என்று கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். பயிற்சியில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அவர் சும்மா இருந்துவிட்டார். இந்த விஷயத்தில் நானாகச் செய்த ஒரே காரியம் இதுதான். ஒரு தாழ்ப்பாளைத் தடுத்தேன்.

முறைப்படி செயலியில் ஏற்றினேன். என்ன ஆபத்து என்று அது கேட்டது. தீ, வெள்ளம், பாம்பு, நாய், வாகனம், இணையவழி, பிற என்று ஒரு பட்டியல் தந்தது. 'பிற' என்பதை அழுத்தினேன். இடத்தின் படம் வேண்டும் என்றது. ஆண் ஆசிரியர்கள் பெண்கள் கழிப்பறையைப் படமெடுக்கக் கூடாது என்று கையேட்டில் இருந்ததால், சத்துணவு சமைக்கும் கோவிந்தம்மாளிடம் போனைக் கொடுத்து எடுத்துவரச் சொன்னேன். செயலி ஏற்கவில்லை. பொறுப்பாசிரியரின் முகமும் படத்தில் இருந்தால்தான் ஏற்குமாம். வேறு வழியில்லாமல், மாணவிகள் எல்லாம் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கழிப்பறைக் கதவுக்கு முன்னால் அட்டை தெரிய நின்றேன். கோவிந்தம்மாள், "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். சிரித்தேன்.

இரண்டாம் நாள் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. பெண்கள் கழிப்பறை அருகே ஓர் ஆண் சிரித்தபடி நிற்பது கண்டறியப்பட்டுள்ளது. பள்ளியின் பொறுப்பாசிரியர் உடனே விசாரித்து, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் பெற்று அனுப்ப வேண்டும்.

பொறுப்பாசிரியர் நான். சம்பந்தப்பட்டவரும் நான். எனக்கு நானே குறிப்பாணை எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாள் அவகாசம் கேட்டு எனக்கு விண்ணப்பித்தேன். கொடுத்தேன். விளக்கத்தை எழுதி முடித்து, விசாரணை அதிகாரி என்ற முறையில் திரும்பப் படித்தபோது எனக்கு அது திருப்தியாக இல்லை. 'சிரித்தது ஏன்?' என்ற கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லியிருக்கவில்லை. முடிவில் என்னைக் கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டேன்.

இதற்குள் மழைக்காலம் போய்ப் பனி வந்துவிட்டது. மூல மனுவுக்கும் ஒரு வழியாகப் பதில் வந்தது. கட்டடம் ஒப்படைக்கப்பட்டபோது 'இரண்டு கதவுகள், தாழ்ப்பாள்களுடன்' என்று பதிவாகியுள்ளது, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. நான் பரணிதரனுக்குப் போன் செய்தேன். இரண்டு கதவிலும் தாழ்ப்பாள் இல்லை, நானே பார்த்தேன், இல்லாதது படத்திலும் தெரிகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஆக, இல்லன்னு நீங்க சொல்றீங்க. இருக்குன்னு ரெக்கார்டு சொல்லுது. நான் யாரை நம்புறது? நீங்க லீவு போடுவீங்க சார். ரெக்கார்டு லீவு போடாது."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. போன மாதம்தான் மூன்று நாள் லீவு போட்டிருந்தேன்.

இதற்கு நடுவில் தண்ணீர் மணி வேறு இருந்தது. பிள்ளைகள் வேண்டிய அளவு தண்ணீர் குடிப்பதில்லை என்பதால் காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று தனியாக மணி அடிப்போம். அடித்ததும் எல்லோரும் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டும். எத்தனை சதவீதம் பேர் குடித்தார்கள் என்று நான் செயலியில் ஏற்ற வேண்டும். வாசலில் நின்று, வாய்க்குப் போன பாட்டில்களை எண்ணுவேன். தொண்ணூற்றேழுக்குக் கீழே ஒரு நாளும் இறங்கியதில்லை. ஒன்றிய அளவில் நாங்கள் முதலிடம்.

பிப்ரவரியில் பாதுகாப்பு வாரம் வந்தது. முதல் நாள் காலை பரணிதரன் பேனரும் கேமராவுமாக வந்து இறங்கினார். பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, பதினாலு வரி உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லவைத்தார். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசினார். பாதுகாப்பு என்பது உணர்வு, உணர்வு என்பது விழிப்பு, விழிப்பு என்பது வருகைப் பதிவு என்று போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. ஒன்பதாவது வரி, 'என் குறையை அச்சமின்றித் தெரிவிப்பேன்' என்பது. பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது புஷ்ரா விழுந்தாள்.

சத்தமே இல்லை. துணி நழுவுகிற மாதிரி விழுந்தாள். கமலம் மேடம் ஓடினார். நானும் ஓடினேன். பரணிதரன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, வீடியோ ஓடுகிறது, இரண்டு பேர் மட்டும் போங்கள், மற்றவர்கள் ஒன்பதிலிருந்து திரும்பச் சொல்லலாம் என்றார். நாங்கள் அவளை ஆட்டோவில் ஏற்றும்போது, அச்சமின்றித் தெரிவிப்பேன் என்று இருநூறு குரல் பின்னால் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, சிறுநீரைப் பரிசோதிக்க அனுப்பினார். கடுமையான தொற்று, காய்ச்சல் வேறு, எத்தனை நாளாக அடக்கிக்கொண்டு இருந்தாளோ என்றார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் இறங்கவில்லை போலிருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கச் சொல்ல மாட்டீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சொல்வோம், மணி அடித்தே சொல்வோம், தொண்ணூற்றேழு சதவீதம் என்றேன். அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு வேறு படுக்கைக்குப் போனார்.

புஷ்ரா கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். படுத்துக்கொள் என்றேன். தண்ணீர் மணி அடிக்கும்போது நீ குடிக்கத்தானேம்மா செய்தாய், நான் பார்த்தேனே என்றேன். அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாயில வெச்சிக்குவேன் சார். முழுங்க மாட்டேன். குடிச்சா போகணும். போனா வெளிய ஒருத்தர் கதவப் புடிச்சிக்கணும். யாஸ்மின் புடிச்சிப்பா, அவ பத்து நாளா லீவு. தனியா போனப்ப ஒரு தபா பசங்க கதவத் தள்ளிட்டாங்க சார். அதிலிருந்து போறதில்ல."

நான் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். தினம் மூன்று முறை வாசலில் நின்று அவள் பாட்டிலை எண்ணியவன் நான். அவளுடைய பெயரைக் கறுப்பு மையால் அடித்தவனும் நான். இளநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், ஆஸ்பத்திரி வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். இளநீர் வாங்க மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கிரேஸியிடம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "பெட்டிக்கு ரெண்டு பூட்டு போட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு தாப்பா போடல" என்றாள். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு சகீனா பள்ளிக்கு வந்தார். கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தார். கறுப்பு புர்காவும் கையில் துணிப்பையுமாக நேராக என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து மன்னிப்பு வாசகம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை.

"சார், அந்தக் கதவு எங்க இருக்குது?"

அழைத்துப் போனேன். நடக்கும்போதே, வெளியாட்கள் பள்ளிச் சொத்தில் எதுவும் பொருத்துவதற்கு முன் அனுமதிப் படிவம் இருக்கிறது, அதை நானே பரிந்துரை செய்து அனுப்புகிறேன், அதிகபட்சம் ஆறு வாரம் ஆகும் என்று விளக்கிக்கொண்டு போனேன். நான் ஆறு வாரம் என்று சொல்லி முடிக்கும்போது அவர் பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துக் கதவில் வைத்து, பென்சிலால் குறி போட்டுவிட்டிருந்தார். பிறகு ஸ்க்ரூக்களை என் உள்ளங்கையில் கொட்டி, புடிச்சிக்குங்க சார் என்றார். பிடித்துக்கொண்டேன். மெஷினில் ஊசி மாற்றி, பெல்ட் மாற்றிப் பழகிய கை. பதினோரு நிமிஷம் ஆனது. நடுவில் ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டேன். அதையும் அவரேதான் தேடி எடுத்தார்.

ஒன்றுதான் வாங்கினேன் சார், அவசரத்தில் இரண்டு கதவு என்று தெரியாது என்றார். பிறகு மெஷினுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் பிடிக்க ஓடினார்.

அடுத்த வாரம் பரணிதரன் ஆய்வுக்கு வந்தார். அனுமதியில்லாத தாழ்ப்பாள் என்று அகற்றச் சொல்லப்போகிறார், இந்த முறை மாட்டேன் என்று சொல்லிவிடுவது என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அவர் முதல் கதவுக்கு முன் நின்று தாழ்ப்பாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? ஆக, நான் அன்னைக்கே சொன்னேன், இருக்குன்னு."

மாட்டேன் என்று சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. இரண்டாவது கதவை அவர் பார்க்கவில்லை. முதல் கதவிலேயே ரெக்கார்டு நிரூபணமாகிவிட்டது. தவறான புகார் என்று குறித்துக் கோப்பை மூடினார். அதோடு எங்கள் பள்ளியில் நிலுவைப் புகார் பூஜ்யம் என்று ஆனது. தண்ணீர் மணியிலும் முதலிடம் இருந்ததால், மார்ச்சில் எங்களுக்குக் கேடயம் அறிவித்தார்கள்.

விழா வேலூரில், அதே மண்டபத்தில் நடந்தது. இந்தச் சாதனையை எப்படிச் செய்தீர்கள் என்று நான் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். மேடையில் ஏறி உள்ளதைச் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஒரு பெண் தாழ்ப்பாள் கேட்டாள், நாங்கள் ஐந்து மாதம் கடிதம் எழுதினோம், அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள், அவளுடைய அம்மா வந்து பதினோரு நிமிஷத்தில் போட்டுவிட்டுப் போனார், நான் ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. என் தன்னடக்கத்தைப் பாராட்டினார்கள். பரணிதரன் மைக்கை வாங்கி, ஆக, சமூகப் பங்கேற்பு என்பது இதுதான் என்றார். பத்து நாளில் 'பதினோரு நிமிட மாதிரி' என்று எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கை போனது. இனிமேல் தாழ்ப்பாள் பொருத்த விரும்பும் பெற்றோர் வேலூரில் இரண்டு நாள் பயிற்சி பெற வேண்டும். முதல் அழைப்பு சகீனாவுக்கு.

கேடயத்தையும் அந்த அழைப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சகீனா வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். புஷ்ரா எனக்கு டீ கொண்டுவந்தாள். முகம் தெளிந்திருந்தது. கேடயம் உங்களுக்குச் சேர வேண்டியது என்று நீட்டினேன். சகீனா அதை வாங்கிப் பார்த்து, பித்தளையா சார் என்று கேட்டார். பிளாஸ்டிக் என்றேன். பயிற்சிக் கடிதத்தை புஷ்ரா சத்தமாகப் படித்துக் காட்டினாள். ரெண்டு நாள் லீவு கொடுக்க மாட்டார்கள் சார், அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்றார். பூ வரைய வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த இன்னொரு கதவு இன்னா ஆச்சு சார்?"

டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்தேன். பஜாரில் ஹார்டுவேர் கடை இன்னும் திறந்திருந்தது. கடைக்காரர், எத்தனை இன்ச் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி இருபத்திரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட எத்தனை இன்ச் என்று எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வாங்கிய தாழ்ப்பாளோடு பள்ளிக்குப் போனேன். கமலம் மேடம் வந்து கேட்டைத் திறந்துவிட்டார். சகீனாவும் புஷ்ராவும் வந்திருந்தார்கள். சகீனா ஸ்க்ரூட்ரைவருக்குக் கை நீட்டினார். இந்த ஒன்றை நான் போடுகிறேன் என்றேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. முதலில் தலைகீழாக வைத்தேன். பிறகு கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருந்த கமலம் மேடம், நிழலுக்குப் போகலாமா என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் தாழ்ப்பாள் கதவில் நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது.

புஷ்ரா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அதை ஆட்டுகிற சத்தம். அப்புறம் அதுவும் நின்றது.

"சார், போடுது. தெறக்கத்தான் வரல."

லேசாக மேலே தூக்கி இழு, இல்லாவிட்டால் நான் வெளியிலிருந்து கழற்றிவிடுகிறேன் என்றேன். சகீனா கதவருகே போய்க் காதை வைத்தார். உள்ளிருந்து புஷ்ராவின் குரல் வந்தது.

"சார், இப்ப வெளிய யாராவது கதவப் புடிச்சிட்டு இருக்கீங்களா?"

இல்லையம்மா, யாரும் பிடிக்கவில்லை என்றேன்.

"அப்ப இருக்கட்டும் சார். கொஞ்ச நேரம் கழிச்சி வர்றேன்."